பாட்டி ஏன் இன்னும் நாலரைக்கு எழுந்திருக்கிறார்? (சிந்தனை, சுதந்திரம் பற்றிப் படிக்க எங்கே தொடங்குவது)

செம்பனைப்பையன்:

வணக்கம் எல்லாருக்கும். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். படிவம் ஆறு எழுதி முடித்துவிட்டு, ரிசல்ட் வரும் வரைக்கும் பசாரில் ஒரு மளிகைக் கடையில் அரிசி மூட்டை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். மெய்யியல் எல்லாம் பள்ளியில் படித்தது கிடையாது, கேள்வி அசட்டுத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் என் பாட்டியிடம் ஆரம்பிக்கிறது. பாட்டி பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. பதினாலு வயதில் கத்தி பிடித்தவர், தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை வரும் வரைக்கும் வெட்டினார். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டைக் காலி செய்துகொண்டு நாங்கள் தாமான் என்கிற குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு வந்து பல வருடம் ஆகிவிட்டது. இப்போது காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு கிடையாது, வேலை வாங்கும் மண்டோர் கிடையாது, வெட்ட வேண்டிய மர நிரை கிடையாது. ஆனாலும் காலை நாலரைக்கு எழுந்து முகம் கழுவி, கோப்பி கலக்கிக்கொண்டு வாசல் படியில் வந்து உட்கார்ந்துவிடுவார். மழை பெய்தாலும் அப்படித்தான். ஒரு நாள் சும்மா கிண்டலாக, "மண்டோர் இன்னும் உங்கள் மண்டைக்குள் மணி அடிக்கிறாரா பாட்டி" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த மணிக்கு எழுந்தது வேற, இது வேற" என்றார். என்ன வேறு என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் பிடிபடவில்லை, ஆனால் அந்த வார்த்தை விரலில் ஒட்டுப்பால் ஒட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டது.

அப்புறம் இதே கேள்வி என் மேலேயே திரும்பியது. அம்மா என்னை ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போடச் சொல்கிறார். கேட்பவர்களிடம் எல்லாம் நானும் "எனக்கும் வாத்தியார் வேலைதான் பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். உண்மையிலேயே எனக்குப் பிடிக்கிறதா, இல்லை அம்மாவின் ஆசை என் வாய் வழியாகப் பேசுகிறதா? இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பள்ளியில் படித்த இரண்டு குறளும் சேர்ந்து குழப்புகின்றன. 380ஆம் குறளில் ஊழைவிடப் பெரிய வலிமை எது என்று கேட்டவர், 620இல் சோராமல் முயல்பவர் அந்த ஊழையே புறமுதுகு காட்ட வைப்பார் என்கிறார். தேர்வில் இரண்டுக்கும் மனப்பாடமாக விளக்கம் எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டேன். இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் சொல்ல முடியும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நெட்டில் தேடியதில், ருடால்ஃப் ஸ்டைனர் என்பவர் 1894இல் வெளியிட்ட 'சுதந்திரத்தின் மெய்யியல்' என்ற ஜெர்மன் புத்தகம் ஆங்கிலத்தில் கிடைத்தது. மூன்றாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன். இதை எங்கே இருந்து படிக்க வேண்டும்? இல்லை, இதை விட்டுவிட்டு வேறு எங்காவது தொடங்கலாமா?

ஓய்வுவாத்தியார்:

தம்பி, முப்பது வருடம் தோட்டப் பள்ளியில் பிள்ளைகளைக் குறள் ஒப்புவிக்க வைத்தவன் நான். அந்த இரண்டு குறளையும் ஒரே நாளில் கரும்பலகையில் எழுதிப்போட்டு "இப்போது என்ன சொல்கிறீர்கள்" என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. உங்கள் குழப்பத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டைனர் தூங்க வைப்பவர்தான். எனக்கும் நாலு முறை புத்தகம் மூஞ்சியில் விழுந்திருக்கிறது. அவரிடம் போவதற்கு முன் கையில் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு போங்கள். அந்தக் கல் ஸ்பினோசாவுடையது. ஆம்ஸ்டர்டாமில் பிறந்த யூதர், சொந்தச் சமூகமே 1656இல் அவரை ஒதுக்கி வைத்தது, லென்ஸ் தேய்த்துப் பிழைத்த மெய்யியலாளர். 1674இல் ஒரு கடிதத்தில் இப்படி ஒரு கற்பனை செய்கிறார். யாரோ வீசிய கல் பறந்துகொண்டிருக்கிறது, நடுவழியில் அதற்கு நினைவு வருகிறது. தான் பறப்பது அதற்குத் தெரியும், வீசிய கை தெரியாது. ஆகவே நான் ஆசைப்பட்டுத்தான் பறக்கிறேன் என்று அந்தக் கல் அடித்துப் பேசும். மனிதர்கள் பெருமை பேசும் சுதந்திரமும் இந்த லட்சணம்தான் என்கிறார். பாலுக்கு அழும் குழந்தை, குடித்துவிட்டு உளறுபவன், எல்லாரும் தாங்களாகவே செய்வதாகத்தான் நம்புகிறார்கள். தோட்டத்தில் கள்ளுக்கடை இருந்த காலத்தில் சம்பள நாள் இரவு இதை நேரிலேயே பார்க்கலாம். மறுநாள் காலையில் "நானா அப்படிப் பேசினேன்" என்று தலையைச் சொறிவார்கள்.

ஸ்டைனர் முதல் அத்தியாயத்திலேயே இந்தக் கல்லை எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்கிறார். வீசிய கை தெரியாத கல்லையும், எது தன்னைத் தள்ளுகிறது என்று தெரிந்துகொண்டு நடக்கிற மனிதனையும் ஒரே மூட்டையில் கட்டலாமா? குடிகாரன் உளறுவதும், ஆராய்ச்சிக்கூடத்தில் ஒருவர் யோசித்து ஒரு காரியம் செய்வதும் ஒரே ரகமா? நினைத்ததைச் செய்ய முடியுமா என்று ஆரம்பித்தால் சீக்கிரமே முட்டுச்சந்துதான். என்னைத் தள்ளுவது எது என்று எனக்குத் தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள், அங்கே கொஞ்சம் வழி இருக்கிறது.

தெரிந்தால் மட்டும் போதுமா, தெரிந்துகொண்டே சிகரெட் குடிப்பவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அங்கேதான் சிந்தனை வருகிறது, அது மூன்றாம் அத்தியாயம், அதை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். நம் ஊர் உதாரணத்திலேயே சொல்கிறேன். வெயில் ஏறிய நேரத்தில் ரப்பர் காட்டுக்குள் நடந்தால் எங்கோ டப்பென்று ஒரு சத்தம் கேட்கும். காதில் விழுவது சத்தம் மட்டும்தான். காய் வெடித்துக் கொட்டை தெறித்திருக்கிறது என்பது காதில் விழுவதில்லை, அதை நீங்கள் சேர்க்கிறீர்கள். சத்தம் தானாக வந்தது, சத்தத்தையும் காயையும் முடிச்சுப் போட்டது உங்கள் வேலை. அந்த வேலை நடக்கும்போது அதை நீங்கள் பார்ப்பதே இல்லை, கொட்டை எங்கே விழுந்தது என்று தரையைத்தான் பார்க்கிறீர்கள். எல்லாவற்றையும் பார்க்கிற நாம் நம் சிந்தனையை மட்டும் பார்ப்பதில்லை என்று ஸ்டைனர் சொல்வது இதைத்தான். ஓடிக்கொண்டிருக்கும் எண்ணத்தை அதே நேரத்தில் பிடித்து நிறுத்தவும் முடியாது, ஓடி முடிந்ததைத் திரும்பி நின்று பார்க்கலாம். அப்படிப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். மின்னலுக்குப் பின்னால் இடி ஏன் வருகிறது என்று அறிய வெளியே தேட வேண்டும். ஆனால் என் யோசனையில் இடி என்ற கருத்து மின்னல் என்ற கருத்தோடு ஏன் சேர்ந்தது என்பதற்கு வெளியே போக வேண்டியதில்லை, சேர்த்தது நான், எப்படிச் சேர்த்தேன் என்பது எனக்கே தெரியும். கல்லுக்குத் தெரியாத கை இந்த ஒரு இடத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே காலை ஊன்றிக்கொண்டுதான் சுதந்திரத்தைப் பற்றிப் பேசவே முடியும் என்பது அவர் கட்சி.

ஆகவே 1, 3, 9, 12 ஆகிய அத்தியாயங்களை முதலில் படியுங்கள். நடுவில் காண்ட், ஷோப்பன்ஹவர் என்ற மற்ற ஜெர்மன் மெய்யியலாளர்களோடு பெரிய வழக்கு நடத்துகிறார், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

குறளுக்கு அவசரப்பட்டுச் சமாதானம் செய்து வைக்காதீர்கள். கணியன் பூங்குன்றனார் புறநானூறு 192இல், ஒரே பாட்டுக்குள், நன்மையும் தீமையும் பிறர் தந்து வருவதில்லை என்கிறார், நம் உயிர் ஆற்று நீரில் போகும் தெப்பம்போல முறைவழியே போகிறது என்றும் சொல்கிறார். நமக்கு முதல் இரண்டு வரிதான் நினைவிருக்கும், மேடையில் அதற்குத்தானே கைதட்டு. புத்தர் காலத்தில் இருந்த மற்கலி கோசாலர் இன்னும் ஒரு படி மேலே போய், உருட்டிவிட்ட நூல்கண்டு தன் நூல் தீரும் வரைக்கும்தான் அவிழும், உயிரின் பயணமும் அப்படித்தான், முயற்சி என்று ஒன்று கிடையாது என்றார். அவர் வழியில் வந்த ஆசீவகர்களை மணிமேகலையில் பார்க்கலாம். இந்தச் சண்டை நமக்கு ஒன்றும் புதிதாகக் கப்பலேறி வந்தது இல்லை.

குலைலோரி:

வாத்தியார் ஐயா எழுதியதை இரண்டு தடவை படித்தேன், மரியாதையோடு சொல்கிறேன், வயிறு நிறைந்தவனுக்குத்தான் இந்தக் கல் கதை எல்லாம். நான் லோரி ஓட்டுகிறேன், செம்பனைக் குலை ஏற்றி ஆலைக்குப் போவது. நான் பிறந்த தோட்டம் கைமாறியபோது எங்களுக்கு வந்தது ஒரு கடிதம், இத்தனை நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பகாசாவில், அதாவது மலாயில், இருந்த அந்தக் கடிதத்தை நான்தான் படித்துச் சொன்னேன், அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா எவ்வளவு ஆழமாகச் சிந்தித்திருந்தாலும் அந்த லயம் நின்றிருக்காது. வீசிய கை எங்களுக்கு நன்றாகவே தெரியும் ஐயா, தெரிந்து என்ன செய்ய?

பாட்டி விஷயத்துக்கு ஜெர்மன்காரன் தேவையே இல்லை. இத்தனை வருடம் ஒரே நேரத்துக்கு எழுப்பினால் மாடுகூட எழுந்திருக்கும், பழக்கம், அவ்வளவுதான். தம்பி, பயிற்சிக்கு இடம் கிடைத்தால் போய்ச் சேருங்கள். மாதச் சம்பளம் வரும். பிடிக்கிறதா இல்லையா என்று சம்பளம் வாங்கிக்கொண்டே யோசிக்கலாம்.

கிந்தாக்காரி:

ஈப்போவில் மருத்துவமனை வேலை எனக்கு, தலையில் கம்பி ஒட்டி மூளை அலை பதிவு செய்யும் பிரிவு. அதனால் இந்தப் பேச்சு எங்கே நடந்தாலும் கடைசியில் யாராவது லிபெட்டின் பெயரைச் சொல்லி, சுதந்திரமே இல்லை என்று அறிவியல் நிரூபித்துவிட்டது என்பார்கள். அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

பெஞ்சமின் லிபெட் 1983இல் வெளியிட்ட சோதனை அது. கடிகார முகம் மாதிரி ஒன்றில் வேகமாகச் சுற்றும் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், தோன்றும்போது மணிக்கட்டை அசைக்க வேண்டும், அசைக்க வேண்டும் என்று தோன்றிய நேரத்தில் புள்ளி எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும். கை அசைவதற்குச் சுமார் 0.55 விநாடிக்கு முன்பே மூளையில் ஒரு தயார்நிலை அலை எழும்ப ஆரம்பிக்கிறது, ஆனால் தோன்றியதாக ஆட்கள் சொன்ன நேரம் அசைவுக்குச் சுமார் 0.2 விநாடி முன்புதான். மூளை முடிவெடுத்த பிறகுதான் நமக்கே சேதி வருகிறது என்று பலர் இதை வைத்து எழுதிவிட்டார்கள். லிபெட் அந்த அளவுக்குப் போகவில்லை. கடைசி நேரத்தில் வேண்டாம் என்று தடுக்கும் இடம் நமக்கு இருக்கிறது என்றுதான் அவர் கருதினார். 2012இல் ஷூர்கர் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் வேறு ஒரு விளக்கம் தந்தார்கள். மூளையில் எப்போதும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் இரைச்சல் தற்செயலாக ஒரு வரம்பைத் தாண்டும்போது கை அசைகிறது, அந்த நேரங்களை மட்டும் பொறுக்கி எடுத்துச் சராசரி பார்த்தால் முன்கூட்டியே எடுத்த முடிவு மாதிரி ஒரு மேடு தெரியும், அவ்வளவுதான் என்று. தினமும் அந்த இரைச்சலைப் பார்க்கிறவள் என்ற முறையில் எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது, ஆனால் விவாதம் முடிந்துவிடவில்லை.

எப்படி இருந்தாலும், காரணமே இல்லாமல் மணிக்கட்டை ஆட்டுவதும் பயிற்சிக்கு மனுப் போடுவதும் ஒன்று இல்லை. மனுப் போடுவதற்குக் காரணங்கள் உண்டு, அந்தக் காரணங்களை எடுத்து மேசைமேல் வைத்துப் பார்க்கலாம்.

தம்பி, உங்கள் அம்மா கேள்விக்கு ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு வரி இருக்கிறது, அதைப் படித்தபோது எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. நம்மைச் செயலுக்குத் தள்ளுவதை ஸ்டைனர் படிப்படியாக அடுக்குகிறார். பசி மாதிரி உடம்பின் உந்துதல், அப்புறம் வெட்கம், பெருமை, இரக்கம் போன்ற உணர்ச்சி, அப்புறம் யோசிக்காமலே கை போகும் பழக்கம், கடைசியில் தெளிந்த சிந்தனை. இன்னொரு பக்கம், குடும்பம், அரசு, மதம் என்று வெளியில் இருந்து வரும் கட்டளைகளைச் சொல்லிவிட்டு, மனசாட்சியையும் அதே வரிசையில் வைக்கிறார்! கட்டளை வெளியே இருந்து வராமல் உள்ளிருந்து குரலாக வந்தால் அதற்கு மனசாட்சி என்று பெயர், அவ்வளவுதான் வித்தியாசம். மனசாட்சிப்படி நடந்தேன் என்று நெஞ்சை நிமிர்த்தும்போதுகூட வேறு யாரோ போட்ட உத்தரவுக்குத்தான் நடந்திருக்கலாம். என் விஷயத்தில் அந்தக் குரல் பெரும்பாலும் என் அத்தையின் குரல்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்த ஸ்டைனர் பிற்காலத்தில் ஆவி உலகம், மறுபிறவி என்று வேறு திசையில் போய் ஓர் இயக்கமே நடத்தினார், மனித இனங்களைப் பற்றி அவர் பேசியவற்றில் நாம் ஏற்க முடியாதவை உண்டு. இந்தப் புத்தகம் அதற்கெல்லாம் முந்தியது, அதைத் தனியாகப் படிக்கலாம், ஆளோடு சேர்த்து விழுங்க வேண்டியதில்லை. 1919இல் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் ஒரு சிகரெட் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியை வழிநடத்தியவரும் இவர்தான். தோட்டப் பள்ளியில் படித்த எனக்கு அந்தச் செய்தி மட்டும் மனதில் நின்றுவிட்டது.

குலைலோரி அண்ணே, உங்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வாத்தியார் ஐயாதான் சொல்ல வேண்டும்.

ஓய்வுவாத்தியார்:

லோரித் தம்பி சொன்னதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். அந்தக் கடிதத்தைப் பதின்மூன்று வயதில் படித்துக் காட்டியவரிடம் கல் கதை பேசியது தப்புதான் என்று தோன்றியது. அப்புறம் யோசித்தால், நீங்கள் கேட்ட இடத்தில்தான் பன்னிரண்டாம் அத்தியாயம் ஆரம்பிக்கிறது.

வீசிய கை தெரிந்து என்ன செய்ய என்கிறீர்கள். ஸ்டைனருக்கு அறிவது பாதிதான். மீதியை அவர் அறக்கற்பனை என்கிறார். நல்லவனாக இரு, நியாயமாக நட என்பது பொது விதி, அது யாருக்கும் சோறு போடாது. இந்த நேரத்தில், இந்த இடத்தில் என்ன செய்வது என்று ஒரு புதுக் காரியத்தை மனதில் காண வேண்டும், யாரும் சொல்லித் தராத காரியம். கண்டதும் போதாது. உலகம் எப்படி நடக்கிறது என்று தெரிந்து, அதன் போக்கிலேயே போய் அதை மாற்றும் கைத்திறனும் வேண்டும். வெறும் உபதேசம் செய்பவர்களிடம் இந்தக் கற்பனை கிடையாது என்று ஒரு இடி இடிக்கிறார், வாத்தியார்களுக்கு உறைக்கும்.

நம் ஊரிலேயே பார்க்கலாம். நாடு சுதந்திரம் அடைந்ததை ஒட்டிய வருடங்களில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். துண்டாடல் என்று நம் ஆட்கள் அழுதது அதைத்தான். வேலையும் போனது, வீடும் போனது. அழலாம், மனுக் கொடுக்கலாம், மறியல் செய்யலாம், எல்லாம் ஏற்கனவே இருந்த வழிகள்தான். அப்போது நம் சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன், மரம் வெட்டுபவனே தோட்டத்தை வாங்கினால் என்ன என்று ஒரு காரியத்தைப் பிடித்தார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் வந்தது. லயம் லயமாகப் போய்ப் பங்குப் பணம் சேர்த்தார்கள், அடுத்து உண்மையிலேயே தோட்டங்களை வாங்கினார்கள். எண்ணம் கற்பனை, பங்கும் கணக்கும் நிலச் சட்டமும் கைத்திறன். அவர் அரசியலில் எனக்கு ஒப்பாதது நிறைய உண்டு, அது வேறு வழக்கு. எல்லாத் தோட்டத்தையும் அது காப்பாற்றவில்லை, உங்கள் தோட்டமே சாட்சி. ஆனாலும் அதைச் செய் என்று எந்தத் துரையும் எந்த மனசாட்சியும் உத்தரவு போட்டிருக்கவில்லை, அதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

செம்பனைப்பையன்:

எல்லாருக்கும் நன்றி. மூன்றாம் அத்தியாயம் படித்தேன், தூங்கவில்லை, இரண்டு பக்கம் மட்டும் இன்னும் புரியவில்லை. ஒன்பதில் பாதி வந்திருக்கிறேன். அக்கா சொன்ன மாதிரி காரணங்களைத் தாளில் எழுதிப் பார்த்தேன். "அம்மா சந்தோஷப்படுவார்" என்பது முதலில் வந்தது, "ஓய்வூதியம்" இரண்டாவது, லோரி அண்ணன் சந்தோஷப்படலாம். ஆறாவதாகத்தான், கடைக்கு வரும் பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தபோது நேரம் போனதே தெரியவில்லை என்று எழுதினேன். அது மட்டும் வேறு யாருடைய குரலிலும் இல்லை. ஆனால் அதற்காக அது முதல் காரணம் ஆகிவிடுமா என்று தெரியவில்லை.

அப்புறம் மூன்று நாளாகப் பாட்டியோடு நாலரைக்கு எழுந்து படியில் உட்கார்ந்தேன். இரண்டு நாள் அவர் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் தாமான் கூரைகளுக்குப் பின்னால் வெளுக்க ஆரம்பித்தபோது அவராகவே சொன்னார்: "அப்பல்லாம் தலையில வெளக்கக் கட்டிக்கிட்டு மரத்தத்தான் பாத்தேன், வானம் வெளுக்கறத ஒரு நாளும் பாத்ததில்ல. எழுப்பி விட்டது அவங்கதான், பாக்கறது நான்."

லோரி அண்ணே, பழக்கம் என்று நீங்கள் சொன்னதும் சரிதான் போல.

குலைலோரி:

பாட்டி என்னையும் மடக்கிவிட்டார், வாத்தியாரையும் மடக்கிவிட்டார்.

ஐயா அந்தச் சங்கத்தைப் பற்றி எழுதியதும் அம்மாவுக்குப் போன் அடித்துக் கேட்டேன். அப்பாவும் பங்கு வாங்கியிருக்கிறார், எனக்கு இத்தனை நாள் தெரியாது. பங்குத் தாள் இன்னும் இரும்புப் பெட்டியில் அடியில் இருக்கிறதாம். யாராவது சொல்லி வாங்கினாரா, தானாகவே வாங்கினாரா என்று கேட்டேன், அம்மாவுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை லோரி ஓட்டம் இல்லை, வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்.